2026 என்று எழுதியிருக்கிறது, வாயால் எப்படிச் சொல்வது?

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் என் கைக்கு வந்தது வரலாற்றுப் புத்தகம். பக்கத்துக்குப் பத்து ஆண்டுகள் வரும். நான் ஆங்கில வழியில் படித்தவள், அதனால் மற்றதெல்லாம் தமிழில் வந்தாலும் ஆண்டு மட்டும் ஆங்கிலத்தில்தான் வாயில் வந்தது. 'எய்ட்டீன் தர்ட்டீன் பட்டயச் சட்டம்' என்று படித்து அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு மாணவி போன் செய்தாள். "அக்கா, அது எய்ட்டீன் தர்ட்டீனா, எய்ட்டீன் தர்ட்டியா? மூணு தடவை ஓட்டிக் கேட்டுட்டேன், பிடிபடல."

புத்தகத்தில் இருந்தது 1813. கொஞ்சம் தள்ளி 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டமும் வருகிறது. கண்ணால் படிப்பவருக்கு அது நான்கு இலக்கம், ஒரு பார்வையில் முடிந்துபோகும். காதால் படிப்பவருக்கு நாம் சொல்லும் ஒலிதான் எல்லாமே. 'ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று' என்று சொல்லியிருந்தால் அவள் போனை எடுத்திருக்க வேண்டியதே இல்லை. பதின்மூன்றையும் முப்பதையும் தமிழ்க் காது ஒருபோதும் குழப்பிக்கொள்ளாது.

அன்றிலிருந்து ஆண்டைச் சொல்வதைத் தனிப் பாடமாகவே எடுத்துக்கொண்டேன். ஒலிப்பதிவுக்கோ, விழா மேடைக்கோ, வானொலிக்கோ புதிதாக வருபவர்களுக்கும், தமிழையே புதிதாகக் கற்பவர்களுக்கும் உதவும் என்று நான் கற்றதை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதல் படி: முழு வடிவத்தை வாயில் ஏற்றுங்கள்

2026 என்பது 'இரண்டாயிரத்து இருபத்தாறு'. இதில் நடப்பது ஒன்றுதான். ஆயிரம் என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னோர் எண் வந்தால் அது 'ஆயிரத்து' ஆகிவிடும். நூறு 'நூற்று' ஆகும். இருபது, முப்பது எல்லாம் 'இருபத்து', 'முப்பத்து' ஆகும். கடைசி எண் மட்டும் மாறாமல் நிற்கும். பின்னால் எதுவும் வராவிட்டால் மாற்றமும் இல்லை. 2000 வெறும் 'இரண்டாயிரம்', 2020 'இரண்டாயிரத்து இருபது'.

இருபத்து, முப்பத்து போன்றவற்றுக்கு அடுத்து வரும் எண் உயிரெழுத்தில் தொடங்கினால் ஒட்டிக்கொள்ளும்: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. மெய்யில் தொடங்கினால் தனித்து நிற்கும்: இருபத்து மூன்று, இருபத்து நான்கு. ப, த போன்ற வல்லெழுத்து வந்தால் நடுவில் ஒற்று மிகும்: இரண்டாயிரத்துப் பத்து, இரண்டாயிரத்துப் பதினைந்து. இந்த ஒற்றை விழுங்கிவிடாமல் அழுத்திச் சொன்னால் பேச்சுக்கே ஒரு நடை வந்துவிடும்.

ஆங்கிலத்தில் நான்கு இலக்கத்தை இரண்டு இரண்டாக வெட்டிச் சொல்வார்கள். தமிழில் அந்தப் பழக்கம் இல்லை. அதை அப்படியே பெயர்த்து 'இருபது இருபத்தாறு' என்று சொல்பவர்களை மேடைகளில் கேட்கிறேன். கேட்பவருக்கு அது ஏதோ கணக்கு மாதிரி இருக்கும், ஆண்டு என்று தோன்றாது. 2020ஐ 'இருபது இருபது' என்றால் இன்னும் சிக்கல். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'இருபதுக்கு 20' என்றால் கிரிக்கெட். அதேபோல 'இரண்டு பூஜ்யம் இரண்டு ஆறு' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதைப் போன் நம்பருக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் பழைய எண் குறிகளைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. பழைய முறையில் 2026ஐ ௨௲௨௰௬ என்று எழுதுவார்கள். இரண்டு, ஆயிரம், இரண்டு, பத்து, ஆறு. நாம் வாயால் சொல்லும் அதே வரிசை! 1947 என்றால் ௲௯௱௪௰௭. ஆயிரத்துக்கு முன்னால் ஒன்று போட மாட்டார்கள். நாமும் 'ஓராயிரத்துத் தொள்ளாயிரம்' என்று சொல்வதில்லையே, 'ஆயிரத்துத் தொள்ளாயிரம்' என்றுதானே தொடங்குகிறோம்.

இரண்டாம் படி: 'த்து'வா, 'த்தி'யா?

பேச்சில் கிட்டத்தட்ட எல்லோரும் 'ரெண்டாயிரத்தி இருபத்தியாறு' என்றுதான் சொல்கிறோம். வீட்டில், கடையில், பஸ்ஸில் அது இயல்பு, அதைத் திருத்தப் போகாதீர்கள். ஆனால் செய்தியோ பாடமோ வாசிக்கும்போது 'த்து'தான் வேண்டும். 'ஆயிரத்தி', 'இருபத்தி' இரண்டையும் எழுத்துத் தமிழ் ஏற்பதில்லை.

ஒரே ஓர் இடத்தில் 'த்தி' சரி. இருபத்திரண்டு. அங்கே வரும் 'இ' இரண்டின் சொந்த எழுத்து. 2022ஐ 'இரண்டாயிரத்து இருபத்திரண்டு' என்று தயங்காமல் சொல்லலாம். 

பேச்சு நடையிலேயே நிகழ்ச்சி நடத்துகிறீர்கள் என்றால் 'ரெண்டாயிரத்தி' என்றே முழுவதும் போங்கள். ஒரு வாக்கியத்தில் 'இரண்டாயிரத்து' என்றும் அடுத்ததில் 'ரெண்டாயிரத்தி' என்றும் மாறினால்தான் காது தடுக்கிறது.

மூன்றாம் படி: ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்ற மலையேற்றம்

இந்த நூற்றாண்டு நமக்குச் சுலபம். போன நூற்றாண்டுதான் நாக்கைச் சுழற்றுகிறது. 1999ஐச் சொல்லிப் பாருங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

தமிழில் ஒன்பதின் குடும்பம் கொஞ்சம் விநோதமானது. எட்டு, எண்பது, எண்ணூறு என்று வரிசையாக வரும் மொழியில் ஒன்பதுக்கு அடுத்த 90, நூறு என்ற சொல்லை வைத்துக்கொண்டு 'தொண்ணூறு' ஆகிறது. 900, ஆயிரத்தை வைத்துக்கொண்டு 'தொள்ளாயிரம்' ஆகிறது. புதிதாகத் தமிழ் கற்பவர்கள் இங்கே திணறுவது அவர்கள் குற்றமில்லை. 'தொள்' வந்தால் நூறுகளில் இருக்கிறோம், 'தொண்' வந்தால் பத்துகளில் இருக்கிறோம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். 'தொண்ணூறு'க்கு மூன்று சுழி ண, இரண்டு முறையும். 'தொன்னூறு' இல்லை.

ஒரே மூச்சில் சொல்ல முயன்றால் நடுவில் எழுத்துகள் உதிரும். இரண்டு மூச்சாகப் பிரியுங்கள். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து', ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி, பிறகு 'நாற்பத்தேழு'. கேட்பவர் கவனிக்க வேண்டியது பின்பகுதியைத்தான். அதனால் அழுத்தமும் அங்கே விழட்டும். முக்கியமாக அறுபதும் எழுபதும் வரும்போது. 1967, 1977 இரண்டையும் வேகமாகச் சொன்னால் முதல் எழுத்து கரைந்து '-பத்தேழு' மட்டும்தான் மிஞ்சும்.

நான்காம் படி: ஒட்டு

எழுத்தில் '2026ஆம் ஆண்டு', '2026-ம் ஆண்டு', '2026இல்', '2026-ல்' என்று பலவிதமாக அச்சிடுவார்கள். முதல் இரண்டும் வாயில் ஒன்றே: 'இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு'. '-ம்' என்று கண்ணில் படுவதைப் பார்த்து 'இருபத்தாறும் ஆண்டு' என்று வாசித்துவிடாதீர்கள். புதியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் தவறு இது. அடுத்த இரண்டும் 'இருபத்தாறில்'.

ஒட்டும்போது ஒலி மாறும் இடங்களைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். 2000இல் என்பது 'இரண்டாயிரத்தில்'. 2020இல் 'இருபதில்', 2021இல் 'இருபத்தொன்றில்', 2024இல் 'இருபத்து நான்கில்'. 2001ஆம் ஆண்டு என்பது 'இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு'. 'முதலாம்' என்பதை ஒன்று தனியாக வரும்போதுதான் சொல்கிறோம்: முதலாம் ஆண்டு மாணவர், முதலாம் உலகப் போர்.

'ஆம்', 'ஆவது' இரண்டுக்கும் நடுவே பேச்சில் பெரிய வேலி இல்லை. ஆனாலும் மேடையில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டின் பெயராக நிற்கும்போது 'ஆம்'. எங்கிருந்தோ எண்ணிக்கொண்டு வரும்போது 'ஆவது': பள்ளியின் இருபத்தாறாவது ஆண்டு விழா, எழுபத்தைந்தாவது சுதந்திர தினம். 

இந்த 'ஆவது' மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்தவற்றையும் மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டில் 'யாண்டு இருபத்தாறாவது' என்று வருகிறது. அவன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணிய இருபத்தாறாவது ஆண்டு, ஏறத்தாழ கி.பி. 1010. எண் குறியாக இல்லாமல் சொல்லாகவே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன அதே 'இருபத்தாறு' இன்று 2026ஐச் சொல்லும்போது நம் வாயிலும் எழுத்து மாறாமல் வருகிறது. இந்த ஆண்டு முழுக்க அதை நினைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் படி: எப்போது சுருக்கலாம்

பேச்சில் ஆயிரத்தையும் தொள்ளாயிரத்தையும் எப்போதும் சொல்வதில்லை. 'நாப்பத்தேழுல சுதந்திரம்', 'அறுபத்தேழுல தி.மு.க. ஆட்சிக்கு வந்தப்ப' என்பார்கள். ராமேசுவரம் பக்கம் 'அறுபத்து நாலு புயல்' என்றால் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல். இலங்கைத் தமிழரிடம் 'எண்பத்து மூன்று' என்று சொன்னால் போதும், தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த அந்த ஜூலை மாதம் கண்முன் வந்துவிடும். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அந்த நூற்றாண்டு பொதுவாக இருக்கிறது, அதனால் சுருக்கம் வேலை செய்கிறது.

2001 முதல் 2009 வரை சுருக்க முடியாது. 'நாலுல சுனாமி வந்தது' என்று யாரும் சொல்வதில்லை. 'ரெண்டாயிரத்தி நாலுல' என்றே சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'சுனாமி வந்த வருஷம்'. பதினைந்து, இருபது வந்த பிறகு மறுபடி சுருக்க ஆரம்பித்திருக்கிறோம்: 'பதினஞ்சு வெள்ளத்துல', 'இருபதுல கொரோனா வந்தப்ப'.

ஒலிப்பதிவுக்கு என் வழக்கம் இது. ஓர் அத்தியாயத்தில் ஆண்டு முதல்முறை வரும்போது முழுதாகச் சொல்வேன். மூலத்தில் சுருக்கி எழுதியிருந்தால் மட்டும் சுருக்குவேன். பேட்டி, உரையாடல் என்றால் பேசியவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே. பாடப்புத்தகத்தில் ஒருபோதும் சுருக்க மாட்டேன். அதைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளை பரீட்சையில், தனக்காக எழுதுபவரிடம் ஆண்டைச் சொல்லப் போகிறது.

ஆறாம் படி: ஆங்கிலத்தில் சொல்வது

தமிழ்ப் பேச்சுக்கு நடுவே 'ட்வென்ட்டி ட்வென்ட்டி சிக்ஸ்' என்று சொல்பவர்கள் ஏராளம். 'டூ தௌசண்ட் ட்வென்ட்டி சிக்ஸ்' என்பவர்களும் உண்டு. அலுவலகப் பேச்சில், கேட்பவர்களும் அப்படியே பேசுகிறவர்கள் என்றால், அதில் குறை காண மாட்டேன். 'நைன்ட்டீஸ் கிட்ஸ்', 'டூகே கிட்ஸ்' எல்லாம் இன்று தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. அவற்றை வலிந்து மொழிபெயர்த்தால் ஆள் யாரென்றே தெரியாமல் போகும். நடைக்குத் தமிழ் வேண்டுமானால் 'தொண்ணூறுகளில் பிறந்தவர்கள்' அழகாக இருக்கிறது. '2000களில்' என்று எழுதியிருந்தால் 'இரண்டாயிரங்களில்' என்று தடுமாறாமல் 'இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில்' என்று எழுதியவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். 'இரண்டாயிரத்து ட்வென்ட்டி சிக்ஸ்' என்று பாதியில் மொழி மாறுவது. பதற்றத்தில் பலருக்கு இது நடக்கிறது. நடந்தால் நிறுத்தி, முழு ஆண்டையும் மறுபடி தமிழில் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

ஏழாம் படி: இதே ஆண்டுக்கு இன்னும் பெயர்கள் உண்டு

கல்யாணப் பத்திரிகையை வாசிக்கச் சொல்லி மைக்கைக் கொடுத்தால் நான்கு இலக்கம் முதலில் வராது. 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்' என்றுதான் தொடங்கும். அறுபது ஆண்டுச் சுற்றில் முப்பத்தொன்பதாவது பெயர் விசுவாவசு, நாற்பதாவது பராபவ. சித்திரை முதல் நாள் பெயர் மாறும். ஆகவே 2026க்குள்ளேயே இரண்டும் உண்டு. தை மாதத்தில் நடந்த கல்யாணம் விசுவாவசு வருடம், சித்திரைக்குப் பிறகு நடப்பது பராபவ வருடம். பழைய பத்திரங்களில் ௵ என்ற குறியைக் கண்டால் 'வருடம்' என்று வாசியுங்கள். ௴ மாதம், ௳ நாள்.

இந்தப் பெயர்களில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1966இல் பராபவ வருடத்தில் பிறந்தவருக்குப் பராபவ திரும்பும் இந்த ஆண்டு அறுபதாம் கல்யாணம். சிக்கல், பெயரை மட்டும் சொன்னால் எந்தச் சுற்று என்று தெரியாது. 'தாது வருஷப் பஞ்சம்' என்று பாட்டிமார் சொல்வது 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தை. ஆனால் 1936ம் தாது, 1996ம் தாது. புத்தகத்தில் பெயர் மட்டும் இருந்தால், நான்கு இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுவேன்.

தமிழ்நாட்டு அரசு அழைப்பிதழ்களிலும் தமிழ் அமைப்புகளின் மடல்களிலும் 'திருவள்ளுவர் ஆண்டு' வரும். நடப்பு ஆண்டோடு 31ஐக் கூட்டினால் அது. தை பிறந்ததும் எண் மாறும். இப்போது திருவள்ளுவர் ஆண்டு 2057, அதாவது 'இரண்டாயிரத்து ஐம்பத்தேழு'. 'திருவள்ளுவர் ஆண்டு' என்ற சொற்களை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் அரங்கமே விழிக்கும். பெயர் முன்னால், எண் பின்னால். இதே முறைதான் கொல்லம் ஆண்டுக்கும் ஹிஜ்ரி ஆண்டுக்கும்.

சில்லறைச் சங்கதிகள்

'2025–26ஆம் கல்வியாண்டு' என்பதை 'இரண்டாயிரத்து இருபத்தைந்து, இருபத்தாறாம் கல்வியாண்டு' என்று சொல்லுங்கள். நடுவில் உள்ள கோட்டை வாசிக்க வேண்டாம். '1939–1945' மாதிரி நீண்ட காலம் என்றால் 'முதல்', 'வரை' சேர்க்க வேண்டும். தேதியை எண்களாக எழுதியிருந்தால் வாசிக்கும் வரிசை ஆண்டு, மாதம், நாள். 26.01.2026 என்பது 'இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு ஜனவரி மாதம் இருபத்தாறாம் தேதி'. இலங்கை வாசகர்களுக்கு என்றால் 'திகதி'. அங்கே ஜனவரியைத் 'தை' என்றும் பிப்ரவரியை 'மாசி' என்றும் சொல்லும் வழக்கம் பலரிடம் உண்டு, தமிழ் மாதம் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். கி.மு., கி.பி. இரண்டையும் எழுத்துகளாகவே சொல்லலாம். ஆனால் 'கி.மு.' என்பதை ஒவ்வொரு முறையும் தெளிவாக. 'பொ.ஆ.மு.' என்று இருந்தால் விரித்து, 'பொது ஆண்டுக்கு முன்'.

கடைசியாக, மைக் முன் உட்காருவதற்கு முன்னால்

பிரதியைக் கையில் எடுத்ததும் பென்சிலால் எல்லா ஆண்டுகளையும் வட்டமிடுங்கள். கடினமானவற்றுக்கு மேலே எழுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்றும் 1990களின் ஆண்டுகளை எழுதிக்கொண்டுதான் வாசிக்கிறேன். பிறகு ஒரு பத்தியைப் பதிவு செய்து, பிரதியைப் பார்க்காத ஒருவருக்கு அனுப்பி, காதில் விழுந்த ஆண்டுகளை எண்ணால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதி வந்தது பிரதியோடு பொருந்தவில்லை என்றால் அந்த இடத்தை மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான்.

எனக்கு அந்த உதவியைச் செய்பவள் அன்று போன் செய்த மாணவிதான். புதிதாகச் சேர்பவர்களுக்கு அவளே சொல்லித் தந்த பயிற்சி வரி இது. முதலில் எண்ணைப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள், பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

"1996இல் தொடங்கிய எங்கள் நூலகம் 2026ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை 30ஆவது ஆண்டு விழாவைக் கொண்டாடுகிறது. 2026–27ஆம் கல்வியாண்டு முதல் மாலையிலும் திறந்திருக்கும்."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் தொடங்கிய எங்கள் நூலகம் இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு ஜூன் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை முப்பதாவது ஆண்டு விழாவைக் கொண்டாடுகிறது. இரண்டாயிரத்து இருபத்தாறு, இருபத்தேழாம் கல்வியாண்டு முதல் மாலையிலும் திறந்திருக்கும்."